வேம்பாருக்கு எழுதிய நூற்று நாற்பது மீட்டர்

வெள்ளையடிக்க வந்தவர் அன்றைக்கு பிரஷை இன்னும் ஓர் இழுப்பு இழுத்திருந்தால் ஒரு மனிதருக்கு வேலை போயிருக்கும். நான் நல்ல பேரோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது. பயத்தினால் மட்டும் இல்லை. அந்த ஒரு முற்பகலில் ஓடிய ஓட்டமும், போட்ட சண்டையும், கடைசியில் திரையில் ஒரு எண் மாறியபோது வந்த துள்ளலும் உடம்பில் எங்கேயோ அப்படியே தங்கிவிட்டன. இதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். பரவாயில்லை, சொல்கிறேன்.

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் கம்பெனியின் குடோன். பின்சுவருக்கு அந்தப் பக்கம் உப்பளம். மோட்டார், கேபிள், குளிர்பதன வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்கிற கம்பெனி. குடோனுக்கு நான்தான் பொறுப்பு. அப்போது கையில் இரண்டு பெரிய வேலைகள். துறைமுகத்துக்குள் ஒரு கன்வேயருக்கு மின்சார வேலை, வேம்பாரில் மீன்பிடிக்கிறவர்களுக்காக ஒரு ஐஸ் பிளாண்ட். சாகுபுரத்துப் பக்கம் சின்னச் சின்னதாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, அதை விடுங்கள். இரண்டு வேலைக்கும் சாமான்கள் ஒரே கூரைக்குக் கீழேதான் கிடக்கும்.

குடோனுக்குள் வருகிற ஒவ்வொரு பொருளும், அது மோட்டாராக இருந்தாலும் சரி, ஒரு பை போல்ட் நட்டாக இருந்தாலும் சரி, எந்த ப்ராஜெக்டுக்கு வாங்கியது என்று சாஃப்ட்வேரில் சொல்லியாக வேண்டும். சொன்ன நிமிஷத்திலிருந்து பொருளும் அதன் விலையும் அந்த ப்ராஜெக்டின் தலையில். மற்றவர்கள் மாதக்கணக்கில் தடுமாறிய அந்த சாஃப்ட்வேரை நான் மூன்றே நாளில் பிடித்துக்கொண்டேன். ஸ்கேனரை இடுப்பில் செருகிக்கொண்டு ரேக் ரேக்காக நடப்பதில் எனக்கு அப்படி ஒரு மிடுக்கு. துப்பாக்கி வைத்த இன்ஸ்பெக்டர் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கத்தான் செய்தது.

அந்த ஸ்கேனரில் பொருளை நகர்த்த இரண்டு வழி உண்டு. ஒன்று லோகேஷன் டிரான்ஸ்ஃபர். பொருள் இங்கிருந்து அங்கே போகிறது, அவ்வளவுதான். மூன்று கட்டத்தை நிரப்பினால் முடிந்தது. இன்னொன்று ப்ராஜெக்ட் டிரான்ஸ்ஃபர். ஒரு ப்ராஜெக்டுக்கு வாங்கிய பொருளை இன்னொரு ப்ராஜெக்ட் எடுத்துக்கொண்டால் இதைத்தான் போட வேண்டும். அப்போதுதான் பொருளோடு விலையும் இங்கே கழிந்து அங்கே ஏறும். இதில் எட்டுக் கட்டம். எதற்காக மாற்றுகிறாய், என்ன விலைக்கு வாங்கியது, யார் கேட்டது என்று சம்பந்தம் பேச வந்தவர்கள் மாதிரி குடைந்து குடைந்து கேட்கும். அதற்கு மேல், எடுத்துக்கொள்கிற ப்ராஜெக்டின் இன்ஜினியரும் சென்னையில் இருக்கிற மேனேஜரும் அவரவர் போனில் சம்மதம் கொடுக்க வேண்டும். அந்த எட்டுக் கட்டத்தை நான் ஒருநாளும் தொட்டதில்லை. சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது.

என் அப்பாவுக்கு பஜாரில் பலசரக்குக் கடை. எங்கள் சனங்களின் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. வந்தவர் கேட்ட சாமான் தீர்ந்துபோயிருந்தால் இல்லை என்று சொல்கிற வழக்கமே அங்கே கிடையாது. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு டின் எண்ணெயையோ ஒரு மூட்டை சீனியையோ தூக்கி வந்து விற்றுவிட வேண்டியது. நமக்குச் சரக்கு வந்ததும் அதே மாதிரி டின்னை, மூட்டையைத் திருப்பி வைத்துவிட வேண்டியது. அதற்குப் பெயர் கைமாத்து. நடுவில் விலை ஏறினாலும் இறங்கினாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஞாபகத்துக்குக் கதவுப் பலகையின் உள்பக்கம் சாக்பீஸால் ஒரு வரி, அவ்வளவுதான் கணக்கு. சின்ன வயதில் ஒருமுறை, பக்கத்துக் கடைக்குப் போன எண்ணெய் டின்னுக்கு நான் நோட்டில் விலையும் போட்டு எழுதி வைத்தேன். அப்பா அந்தத் தாளைக் கிழித்துவிட்டார்.

“ஏளா, விலை போட்டா பக்கத்துக் கடை அண்ணாச்சி என்ன நெனப்பாவ? நம்மள நம்பலைன்னுல்லா நெனப்பாவ” என்றார்.

அது எனக்குள் நன்றாக ஊறிவிட்டது. வேம்பாருக்கு வாங்கிய சாமானைத் துறைமுகத்து இன்ஜினியர் அவசரத்துக்குக் கேட்டால் நான் கைமாத்தாகக் கொடுப்பேன். மூன்று கட்டத்தில் லோகேஷனை மட்டும் மாற்றுவேன். குடோன் தூணில் சாக்பீஸால் ஒரு வரி எழுதுவேன். அவர்களுக்குச் சரக்கு வந்ததும் திரும்பி வரும், வரியை அழித்துவிடுவேன். ஒரே கம்பெனிக்குள் ஒருவருக்கொருவர் விலை போட்டுக்கொள்வதா என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

வேம்பார் சைட்டைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அண்ணாச்சி. ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். செவ்வாய்க்கிழமைதோறும் அடுத்த வாரத்துக்கு வேண்டிய சாமான் சீட்டோடு குடோனுக்கு வருவார். அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை அவர் வைத்திருந்த அழகைப் பார்க்க வேண்டும். துடைத்துத் துடைத்து டாங்கில் முகம் பார்க்கலாம். அதன் சத்தம் ரோடு முக்கில் கேட்கும்போதே நான் எதிர்க்கடையில் டீ சொல்லிவிடுவேன். அவர் வண்டியை நிறுத்தி, அதன் இருக்கையைத் துடைத்து, உள்ளே வரவும் டீ சூடாக வந்து சேரவும் சரியாக இருக்கும்.

அந்த வருஷம் மேனேஜர் எல்லா ப்ராஜெக்டின் கையிருப்பையும் கேட்டார். நான் அரை மணி நேரத்தில் ரிப்போர்ட் எடுத்து அனுப்பி, பாராட்டும் வாங்கிக்கொண்டேன். அதில் வேம்பார் ப்ராஜெக்டின் பெயரில் நூற்று நாற்பது மீட்டர் செம்புக் கேபிள் மிச்சம் இருந்தது. முந்நூறு மீட்டர் சுற்றிய டிரம் ஒன்று அங்கே போயிருக்கிறது, இழுத்தது நூற்று அறுபது. மிச்சத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி மேனேஜர் அண்ணாச்சிக்கு மெயில் போட்டார். இரண்டு நாள் கழித்து அண்ணாச்சியிடமிருந்து பதில் வந்தது: சைட்டில் கேபிள் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.

செம்பாயிற்றே, எடைக்குப் போட்டாலே காசு. மேனேஜரின் மனசு எங்கே போகும்? எனக்கு போன் செய்து, அடுத்த வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகவும், அன்றைக்கும் கேபிள் கண்ணில் படாவிட்டால் அந்த இடத்திலேயே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு போலீசில் புகார் கொடுக்கப்போவதாகவும் சொன்னார். நிறுத்துகிற கடிதமும் தயாராக இருந்தது. அதை பிரிண்ட் எடுத்து வைத்தது நான்தான்.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி வந்தார். வண்டிச் சத்தம் இல்லை. வியர்த்து வழிய பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தார். என்ன அண்ணாச்சி, பெட்ரோலையும் மிச்சம் பிடிக்க ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டேன். வண்டியை சர்வீசுக்கு விட்டிருப்பதாகச் சொன்னார். சாமான் சீட்டை நீட்டிவிட்டுப் போகாமல் நின்றார்.

“தங்கச்சி, அந்த டிரம்முல முந்நூறு இருந்துச்சா? நல்லாப் பாத்துதான் அனுப்புனியா?”

எனக்குச் சுருக்கென்றது. என் குடோனை, என் சாஃப்ட்வேரை ஒருவர் சந்தேகப்படுவதா? டிரம்மில் ஒட்டியிருந்த சீட்டில் முந்நூறு என்றுதானே இருந்தது, பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். சீட்டில் முந்நூறு என்றுதான் இருந்தது. பாரமான கேபிளை யார் பிரித்து அளந்து பார்ப்பார்கள்? மாதக்கணக்கில் துண்டு துண்டாக வெட்டி இழுத்ததில் எப்போது தீர்ந்தது என்றே தெரியவில்லை என்றார். சைட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் இல்லை, யாரோ கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும், தன் கவனக்குறைவுதான் என்றார். அதோடு விட்டிருக்கலாம். என் வாய்க்கொழுப்பு விடவில்லை.

“கேபிளுக்குக் கால் முளைச்சு கடலுக்கா போயிருக்கும் அண்ணாச்சி? கம்ப்யூட்டர் பொய் சொல்லாது.”

அவர் டீ கூட வேண்டாம் என்று போய்விட்டார். திருடியிருப்பாரோ என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. அதை இப்போது எழுதவே கூசுகிறது, ஆனால் தோன்றியது.

வெள்ளிக்கிழமை வந்தது. மேனேஜர் காலையில் ஊருக்கு வந்து இறங்கி நேரே வேம்பார் போவதாகவும், சாயங்காலம் குடோனைப் பார்ப்பதாகவும் ஏற்பாடு. சாயங்காலத்துக்குள் குடோன் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று தூண்களுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்தேன். அவர் ஒன்பதரைக்கு வந்து வாளியைக் கலக்கி, முதல் தூணிலிருந்து ஆரம்பித்தார். நான் ஸ்கேனரும் கையுமாகப் பின்னாலேயே நடந்து, இங்கே திட்டு விட்டிருக்கிறது, அங்கே வழிகிறது என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

கேபிள் வெட்டுகிற மேடைக்குப் பக்கத்துத் தூணில் அவர் பிரஷை வைத்து மேலே ஓர் இழுப்பு இழுத்தார். அடுத்த இழுப்புக்குப் பிரஷை முக்கினார். தூணில், என் தோள் உயரத்தில், தூசி படிந்த சாக்பீஸ் எழுத்து. என் கையெழுத்து.

டிரம் 3. 140 மீ. துறைமுகம். கைமாத்து.

நிறுத்துங்க என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பிரஷைக் கீழே போட்டுவிட்டார். செருப்பில் எல்லாம் சுண்ணாம்பு. நான் தூணுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். அந்த நூற்று நாற்பது! எட்டு மாசத்துக்கு முந்தின அந்த மத்தியானம் மொத்தமாக ஞாபகத்துக்கு வந்துவிட்டது. துறைமுகத்தில் கேபிள் இல்லாமல் வேலை நிற்கிறது என்று அந்த இன்ஜினியர் லாரியோடு வந்து நின்றார். வேம்பார் டிரம் அப்போது இன்னும் குடோனில்தான் இருந்தது. அதிலிருந்து நூற்று நாற்பது வெட்டிக் கொடுத்தேன். மூன்று கட்டத்தை நிரப்பினேன், தூணில் எழுதினேன். டிரம் சீட்டில் முந்நூறை அடித்து நூற்று அறுபது என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, மறுநாள் காலையில் சித்தி மகள் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விட்டேன். நான் இல்லாத அந்த வாரத்தில் டிரம் பழைய சீட்டோடு வேம்பாருக்கு ஏறியிருக்கிறது. கேட் பாஸில் ‘கேபிள் டிரம் ஒன்று’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

ஸ்கேனரை எடுத்துத் தட்டினேன். இத்தனை நாள் எந்த ப்ராஜெக்டில் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக எந்த இடத்தில் என்று கேட்டேன். பளிச்சென்று வந்து விழுந்தது: இடம் துறைமுகம், ப்ராஜெக்ட் வேம்பார், நூற்று நாற்பது மீட்டர். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லைதான். அது எட்டு மாசமாக உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பாரில்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை. திருட்டே இல்லை! அண்ணாச்சி திருடவும் இல்லை, யாரும் அவரிடம் திருடவும் இல்லை. வெள்ளையடிக்கிறவரைப் பிடித்து உலுக்கி, அண்ணே நீங்க நல்லாயிருப்பீங்க என்றேன். அவர் கூலி இன்றைக்கே கிடைக்குமா என்று கேட்டார். தூணைத் தொடக் கூடாது என்று சொல்லி, அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மேனேஜர் பதினோரு மணிக்கெல்லாம் வேம்பாரில் இருப்பார். அதற்குள் வேம்பார் தலையிலிருந்து அந்தக் கேபிளும் அதன் விலையும் இறங்கியாக வேண்டும். நான் தொடாத அந்த எட்டுக் கட்டத்தைத் திறந்தேன். எந்த ப்ராஜெக்டிலிருந்து, எந்த ப்ராஜெக்டுக்கு, என்ன பொருள், எவ்வளவு. விலைக் கட்டத்துக்கு வந்தபோது கொஞ்சம் முழித்தேன், இன்றைய விலையா அன்றைய விலையா என்று. பழைய பில்லைத் தேடி எடுத்து, வாங்கிய விலையையே போட்டேன். காரணம் என்று கேட்ட கட்டத்தில், ‘குடோன் பொறுப்பாளரின் தவறு’ என்று எழுதினேன். அனுப்பினேன். இரண்டு சம்மதம் பாக்கி.

துறைமுகத்து இன்ஜினியர் போனை எடுக்கவில்லை. நான்கு தடவை அடித்துப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். துறைமுக வாசலில் பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அவருடைய சைட் ஆட்களில் ஒருவர் உள்ளே போவதைப் பார்த்து, குடோன் மேடம் வெளியே நிற்கிறார், வராவிட்டால் இனிமேல் ஒரு ஸ்க்ரூ கூட கிடைக்காது என்று சொல்லி அனுப்பினேன். பத்தாவது நிமிஷத்தில் ஹெல்மெட்டும் கையுமாக வந்தார். விஷயத்தைச் சொன்னேன். போனில் வந்திருப்பதைத் திறந்து பார்த்தவர் முகம் மாறியது. அந்த விலை ஏறினால் அவருடைய ப்ராஜெக்ட் பட்ஜெட்டைத் தாண்டிவிடும்.

“கைமாத்துதானே மேடம்? அடுத்த டிரம் வந்ததும் மீட்டருக்கு மீட்டர் திருப்பித் தாரேன். வெலையை ஏன் என் தலையில ஏத்துதீங்க? என்னை நம்பலையா?”

எனக்கு அப்பா கிழித்த தாள் கண் முன்னால் வந்தது. அதே பேச்சு. எட்டு மாசம் முந்தி என்றால் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன், ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

“நீங்க அந்தக் கேபிளை இழுத்துக் கரண்டும் குடுத்தாச்சு சார். பொருள் உங்ககிட்ட இருக்கு, வெலை வேம்பார் மேல இருக்கு. நடுவுல நிக்கிற மனுசன் களவாணிப் பட்டம் வாங்கப் போறாவ. இன்னும் அரை மணி நேரத்துல.”

அவர் கடல் பக்கம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, தன் பட்ஜெட்டை நினைத்துப் பயந்தவர். யார், அந்த மோட்டார் சைக்கிள் அண்ணாச்சியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சம்மதத்தை அமுக்கிவிட்டு, போனை என்னிடம் காட்டினார். மறுபடி அடுத்த டிரம் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

அங்கேயே நின்று மேனேஜருக்கு அடித்தேன். அவர் கார் ஏற்கெனவே குளத்தூரைத் தாண்டியிருந்தது. மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். மேனேஜர், எட்டு மாசமாக இல்லாத ஞானம் நான் கிளம்பி வருகிற அன்றைக்கு எப்படி வந்தது, அவர் மேல் பரிதாபப்பட்டு இப்படிச் செய்கிறாயா என்று கேட்டார். சம்மதம் கொடுக்க மாட்டேன், வேண்டுமானால் நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல் என்றார். அவ்வளவுதானே என்று வண்டியைத் திருப்பினேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அன்றைக்கு நான் ஓட்டிய மாதிரி அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. இரண்டு பக்கமும் உப்பளம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. எதிர்க்காற்றில் ஸ்கூட்டர் ஆடியது. உப்பு லாரிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, தருவைகுளம் விலக்கைத் தாண்டி, ஹெல்மெட்டுக்குள் நானே பேசிக்கொண்டு போனேன். மேனேஜர் இப்படிக் கேட்டால் அப்படிச் சொல்லணும், அப்படிக் கேட்டால் இப்படிச் சொல்லணும். பயமே இல்லை. என் வேலைக்கு ஆபத்து வரலாம் என்பது கூட வேம்பார் போர்டைப் பார்த்த பிறகுதான் தோன்றியது. அப்போதும் என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

ஐஸ் பிளாண்ட் வாசலில் கார் நின்றிருந்தது. மேனேஜர் கையில் டேப்லெட், கக்கத்தில் நான் பிரிண்ட் எடுத்த கடிதம் இருக்கிற ஃபைல். அண்ணாச்சி சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார். பக்கத்தில் தரையில் நீலத் தார்ப்பாய், அதன் மேல் சுற்றி வைத்த கேபிள். மேனேஜர் என்னைப் பார்த்ததும், அறுபது மீட்டர்தான் அகப்பட்டிருக்கிறது, எண்பது காணவில்லை, இப்போது என்ன சொல்கிறாய் என்றார். அந்த அறுபது எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனால் நிற்க நேரமில்லை.

“தப்பு என்னுது சார். இவங்களுக்கு வந்ததே நூத்தி அறுபதுதான்” என்று போனை நீட்டினேன்.

தூணின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எட்டு மாசத் தூசி படிந்த எழுத்தை இன்றைக்கு எழுத முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஸ்கேனரில் அந்த நாளைத் திறந்து காட்டினேன், கொடுத்த தேதி, நேரம், என் பெயர் எல்லாம் இருந்தது. எட்டுக் கட்டத்தையும் வரி வரியாகப் படித்தார். காரணம் கேட்ட கட்டத்துக்கு வந்ததும் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். சம்மதத்தை அமுக்கினார்.

டேப்லெட்டில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. வேம்பார், செம்புக் கேபிள், கையிருப்பு: பூஜ்யம். துறைமுகம்: நூற்று நாற்பது. விலையும் கூடவே போய்ச் சேர்ந்திருந்தது. நான் நின்ற இடத்திலேயே குதித்தேன். முப்பது வயசுப் பொம்பளை, மேனேஜர் முன்னால், சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். மேனேஜர் ஃபைலைத் திறந்து அந்தக் கடிதத்தை நான்காகக் கிழித்தார். எனக்குத் தனியாக ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றும் சொன்னார். வரட்டும் சார் என்றேன். வந்தது.

அப்புறம்தான் அவர் தார்ப்பாயைப் பார்த்தார். இங்கே இருப்பு பூஜ்யம் என்றால், இந்த அறுபது மீட்டர் ஏது?

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கேபிளையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. வாசல் வேப்ப மரத்து நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக வண்டி நிற்கிற இடம். மண்ணில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

அந்த மனிதர் காணாமல் போகாத கேபிளுக்காக வண்டியை விற்று, அந்தக் காசில் இந்த அறுபதை வாங்கி வைத்திருக்கிறார். நான் பெட்ரோல் மிச்சம் பிடிப்பதைப் பற்றிக் கிண்டல் அடித்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்றேன்.

“இருக்கட்டும் தங்கச்சி. கேபிளை ஸ்டாக்குல சேத்துக்க, இங்கனயே வேலைக்கு ஆகும்” என்றார்.

ஸ்கேனரில் புது வரவு ஒன்றைத் திறந்தேன். பொருள், அளவு, ப்ராஜெக்ட் வேம்பார். விலை என்று கேட்டது. வெறுமனே பூஜ்யம் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும், அப்படி ஒரு வசதி அதில் உண்டு. பில் இருக்கிறதா அண்ணாச்சி என்று கேட்டேன். எங்கேயோ தொலைந்துவிட்டது, விலையெல்லாம் எதற்கு, நமக்குள் என்ன என்றார். விலை போடாமல் நான் எழுத மாட்டேன் என்று ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னாலேயே நின்றேன். மேனேஜர் வாட்சைப் பார்த்தார். நான் நகரவில்லை. கடைசியில் அண்ணாச்சி மேல் பித்தானைக் கழற்றி, உள் பாக்கெட்டிலிருந்து நான்காக மடித்த பில்லை எடுத்துக் கொடுத்தார். வியர்வையில் நனைந்து மை பரவியிருந்தது. மொத்தத் தொகை தெளிவாகத் தெரிந்தது. பைசா விடாமல் அடித்தேன், மேனேஜரிடம் அங்கேயே சம்மதமும் வாங்கினேன்.

பணம் மூன்றாம் நாள் அவர் கணக்குக்குப் போய்விட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலையிலேயே டீ சொல்லி வைத்துவிட்டு ரோடு முக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தார். வண்டியை வாங்கியவர் அதை மதுரைப் பக்கம் கைமாற்றி விட்டுவிட்டாராம், இனிமேல் கிடைக்காதாம். டீ ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது. வேறே சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்று அதையே குடித்தார்.